அறிக்கை ரகசியம்

என் அண்ணன் மகனுக்கு, ஊர் நர்ஸான நான்தான் தடுப்பூசி போட்டேன். மறுநாள் குழந்தை இறந்துவிட்டான். அன்று மாலையே சுகாதாரத் துறை மேலிடத்து ஆட்கள் வண்டியில் வந்து, தெருவே கூடி நிற்க, என் மருந்துப் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்துத் தூக்கிப் போனார்கள். கொலைகாரி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. என்னைக் கண்டாலே தாய்மார்கள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார்கள்.

விசாரணைக் குழுவின் முடிவு வர ஒரு வருஷம் பிடித்தது. அதைச் சொல்ல அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உன் மேல தப்பில்லம்மா. ஊசியிலயும் கோளாறு இல்ல. பையனுக்குப் பிறவியிலேயே இதயத் தசை தடிச்சிருந்திருக்கு. பரம்பரையா வர்றது. நீ நிம்மதியா வேலையப் பாரு."

நிம்மதியாம். பெட்டியைத் தூக்க ஊரைக் கூட்டியவர்களுக்கு, விடை சொல்ல மட்டும் சாத்திய அறை வேண்டியிருக்கிறது.

"சார், அண்ணனுக்கு இப்ப ஒரு பொண்ணு பொறந்திருக்கு. அதுக்கும் இருக்கலாமில்ல? பெத்தவங்களுக்குச் சொல்லணுமே."

"அறிக்கை ரகசியம்மா."

"ஊசி நல்ல ஊசின்னுதான சார் சொல்லுது? அதுல மறைக்க என்ன இருக்கு?"

"இத வெளியிட்டா மத்த ஊசிப் புகாரெல்லாம் என்னாச்சுன்னு கேப்பாங்க. அதுல பாதிய இன்னும் பிரிச்சுக்கூடப் பாக்கல. பிரதியெல்லாம் தர முடியாது, போயிட்டு வா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரகசியமாவது மண்ணாங்கட்டியாவது என்று நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷமாக மிதிக்காத வாசல். அண்ணன் உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, பாப்பாவை ஒரே ஒரு தடவை இதய டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

அண்ணி கத்தவில்லை. "அப்ப உன் ஊசி நல்ல ஊசி, என் வயிறுதான் கெட்ட வயிறு. அப்படித்தானே?"

"உங்க குத்தம்னு யாரு அண்ணி சொன்னா?"

"அதெல்லாம் இருக்கட்டும், எழுத்துல எங்க?" என்றான் அண்ணன்.

"தரமாட்டேங்கறாங்க."

"நிஜம்னா ஏன் தரமாட்டாங்க? ஒரு வருஷமா வாயே திறக்காதவங்க, இன்னிக்கு உன் வாயால பேசுறாங்களா? இனிமே இந்தப் பக்கம் வராத."

அவன் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். அதுதான் என் வயிற்றெரிச்சல். மறைத்தவர் நாற்காலியில் இருக்கிறார், பொய்க்காரியாக வாசலில் நிற்பது நான்.

அவர்கள் உள்ளே போன பிறகும் எனக்குக் கால் நகரவில்லை. பால் குடிக்கும்போதே குழந்தை களைத்து வேர்த்துப்போனால், அது இதயக் கோளாறாக இருக்கலாம். சன்னல் பக்கம் போய்க் கேட்டேன். "அண்ணி, பால் குடிக்கும்போது பாப்பாவுக்கு வேர்க்குதா? அத மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

அண்ணி சன்னலுக்கு வந்தாள்.

"இவளுக்கும் வேர்க்குது, அவனுக்கும்தான் வேர்த்துச்சு. எங்க வீட்டுப் பிள்ளைங்க அப்படித்தான்," என்று சொல்லி சன்னலை அடைத்தாள்.