மா டின்னுக்குள் பற்றரி

அந்த வருடம் மழை பொய்த்து, அணைகள் வற்றி, கொழும்பு பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது. அதனால்தானோ என்னவோ, யாரோ ஒரு புண்ணியவானுக்கு உயர்தர மாணவர்களுக்கு ஓகஸ்ட் விடுமுறையில் காலநிலையும் சக்தியும் படிப்பிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். விஞ்ஞானம் படிப்பித்த பாவத்துக்கு என்னையும் பிடித்துப் போட்டார்கள். இந்த மேபல் டீச்சருக்கு வேறு வேலை இல்லைத்தானே!

என் வெள்ளவத்தை வீட்டின் முன்னறையில் நாகேஸ்வரியும் மகள் சாந்தரூபியும் வாடகைக்கு இருந்தார்கள். யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது கிளம்பி, காடு கரை எல்லாம் அலைந்து வந்து சேர்ந்தவர்கள். ரூபியை நான்தான் வகுப்பில் சேர்த்தேன். முதல் நாளே மற்றப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அங்கே கரண்டே இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அவள்மேல் பெரிய பெருமை. அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, காட்டினால் தலையில் ஏறிவிடுவார்கள்.

முடிவு நாள் கண்காட்சிக்கு ஒவ்வொருவரும் ஏதாவது செய்து கொண்டுவர வேண்டும். ரூபி பழைய மேசை விசிறியின் இதழைக் கழற்றி டைனமோவில் பூட்டினாள். கடற்காற்றில் அது சுற்ற, சின்ன பல்ப் ஒன்று எரிந்தது. காற்று விழுந்தாலும் வெளிச்சம் விழாமலிருக்க, வயரில் நாலு டோர்ச் பற்றரி கோத்தாள்.

வயரும் பற்றரியும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே அறையில்! போன மாதம்தான் தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்திருந்தது. அன்றிலிருந்து லேனை அடைத்து அடைத்து வீடு வீடாகச் செக்கிங். ஆகவே வகுப்பு நடத்துபவர்களிடம் சீல் குத்திய கடிதம் ஒன்று வாங்கிவந்து, விசிறிக்குப் பக்கத்தில் வைத்து, தாய் மகள் இருவரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். எல்லாம் மேசைமேல் வெளிச்சமாக இருக்கட்டும், ஒன்றையும் நகர்த்த வேண்டாம், வந்தால் நான் சிங்களத்தில் கதைத்துக்கொள்கிறேன் என்று. இருவரும் நல்ல பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினார்கள்.

கண்காட்சி நாள் காலையில்தான் ஆமிக்காரர்கள் செக்கிங்குக்கு வந்தார்கள். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டபோது நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், ரூபி தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி இளைஞன், மரியாதை தெரிந்தவன். அடையாள அட்டைகளைப் பார்த்தான், கடிதத்தை முழுவதும் வாசித்தான், விசிறியைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தான். தன் தங்கையும் விஞ்ஞானம்தான் படிக்கிறாளாம். மாதாவே, தப்பினோம் என்று நினைத்தேன். போகிற காலில் அவன் ரூபியைப் பார்த்து, இது உண்மையில் எரியுமா என்று சிங்களத்தில் கேட்டான். நான் தமிழில் சொன்னேன்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. காற்று இல்லாவிட்டாலும் எரியும் என்று விசிறியின் பின்பக்கம் கையைப் போட்டாள். கை அங்கேயே நின்றது.

"அம்மா, இதில இருந்த பற்றரி எங்க?"

நாகேஸ்வரியின் கண் அரிசிமா டின் பக்கம் போய் வந்தது. பற்றரி என்ற சொல் அதிகாரிக்கும் விளங்கியது. சிரிப்பு போய்விட்டது.

அரிசிமா டின்னுக்குள் கையை விட்ட சிப்பாய், நாலு பற்றரியையும் சுருட்டிய வயரையும் வெள்ளை மா ஒட்ட ஒட்ட வெளியே எடுத்தான். தாண்டிக்குளம் ஆமி சென்ரியில், சோதனைச் சாவடியில், ஒரு சோடி பற்றரிக்காகப் பெண்களை இறக்கி நிறுத்திவைத்த காலத்தில், நாகேஸ்வரி பாண் ரொட்டியைக் குடைந்து அதற்குள் ஒளித்துக் கொண்டுபோனவள். அப்போது யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுபோக அரசாங்கம் தடை. வருடக்கணக்காகப் பழகிய கை. பூட்ஸ் சத்தம் கேட்டால் பற்றரி ஒளிய வேண்டும், அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும்.

மறைக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் மறைத்தீர்கள் என்று அதிகாரி கேட்டான். நான் சொன்னேன், என் சிங்களம் முழுவதையும் கொட்டிச் சொன்னேன். ஆனால் உங்கள் சென்ரிதான் இவளுக்கு ஒளிக்கப் பழக்கியது என்பதை ஆமிக்காரனிடம் எந்தப் பாஷையில் சொல்லி விளங்கவைப்பது? அவன் காதில் அது இன்னும் மோசமாகத்தான் விழுந்தது. ஒளித்துக் கடத்திப் பழக்கப்பட்டவள் என்று நானே வாக்குமூலம் கொடுத்தது போலாகிவிட்டது.

ரூபியைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் பின்னிய தலையோடு போனாள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள்.

எனக்கு நாகேஸ்வரிமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. படித்துப் படித்துச் சொன்னேனே என்று கத்தினேன். அவள் அழக்கூட இல்லை. மாப் படிந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழும்பிப் போனாள்.

நான் கடிதத்தின் பிரதியோடு பொலிசுக்குப் போய், பின்னேரம் வரை மர வாங்கில் குந்தியிருந்தேன். அப்போது நாகேஸ்வரி வந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் புதுப் பற்றரிகள். பை இல்லை, சேலைத் தலைப்பால்கூட மூடவில்லை. காலி வீதி நெடுக அப்படியே நடந்து வந்திருக்கிறாள்.

"கடையில காசு குடுக்கத் தந்தவங்கள், டீச்சர். ரோட்டில ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. வாசல்ல நிண்ட பொலிசும் கேக்கேல்லை."

பற்றரிகளை சார்ஜன்டின் மேசையில் வரிசையாக வைத்தாள்.

"இது இங்க பிழையில்லையாம் எண்டு சொல்லுங்கோ. பிள்ளையை விடச் சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் பற்றரிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பிள்ளை இங்கே இல்லை, மத்தியானமே வேறு ஆட்கள் வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று தனக்குத் தெரியாது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார்.

நாகேஸ்வரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் தமிழில் சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.