ஒரு ஜோடிப் பேக்கேஜும் காவாந்தண்டலத்துப் பிரிஸ்கில்லாவும்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் ஆரம்பித்தது. சிரித்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும், அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு வேண்டாம்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சிட்டா, அடங்கல், ஆதார் திருத்தம். ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். போன தை மாதம் ஒரு நாள் பிரிஸ்கில்லா வந்தாள். காவாந்தண்டலத்துக்காரி, எங்கள் கழனியில் பல வருஷம் நாற்று நட்டவள். போனை நீட்டினாள்.

"இத்த ஒரு காப்பி எடுத்துக் குடு தம்பி."

பார்த்தேன். மாமல்லபுரம் தாண்டி ஒரு கடற்கரை ஓட்டல். ஒரு ராத்திரி தங்கல். 'ஜோடிகளுக்கான காதல் பேக்கேஜ்.' ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலையில் இருக்கும் அவள் மகள் ஏஞ்சல் புக் பண்ணி அனுப்பியிருந்தாள்.

"இன்னா பிரிஸ்கில்லா, பொண்ணு கல்யாணத்துக்குச் சொல்லவே இல்ல?"

"அவளுக்கு இல்ல தம்பி. எங்களுக்கு. நானும் எங்க வூட்டுக்காரரும் போறோம்."

சிரித்துவிட்டேன். பட்டா நகலுக்காக நின்றிருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

(அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். 'இன்னாக்கா' என்று திருத்தி எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாக இருந்தது, ஆனால் பொய். அடித்துவிட்டேன்.)

2

எழுதிக் கிழித்த ஆரம்பங்கள்:

"அலை வந்து வெங்கடேசனின் காலைத் தொட்டபோது பிரபா அவன் தோளில் சாய்ந்து—"

யார் இந்த வெங்கடேசன்? யார் இந்தப் பிரபா? இருபத்தாறு வயது, கல்யாணமாகி மூன்று மாதம். நானே செய்த பொம்மைகள். நாற்பத்துநாலு வயதுக்காரியைக் கடற்கரையில் புருஷனோடு நிறுத்த எனக்குக் கை கூசியது, அதனால் அவளுக்குப் பதினெட்டு வயதைக் குறைத்து, பேரையும் ஊரையும் மாற்றி, அழகாக ஒரு மோசடி செய்யப் பார்த்தேன். நீங்களும் அதைத்தான் விரும்பிப் படித்திருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள்.

"உழைத்து உழைத்துத் தேய்ந்த அந்தக் கைகள் முதன்முதலாகக் கடலை—"

இதைப் பிரிஸ்கில்லாவிடமே படித்துக் காட்டினேன்.

"தேஞ்சி போச்சா? எந்தக் கை, இதுவா? உன் கன்னத்துல வெச்சிக் காட்டட்டா?"

3

ஆகவே நடந்ததை நடந்தபடி.

பிரிஸ்கில்லாவின் புருஷன் பெஞ்சமின் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். கல்யாணமாகி இருபத்திமூன்று வருஷம். ஒரே அறை வீடு. முதலில் மாமனார் மாமியார், பிறகு பிள்ளைகள், நடுவில் இரண்டு வருஷம் கால் முறிந்த கொழுந்தன். அந்த அறையில் எப்போதும் மூன்றாவதாக ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் சண்டை போட்டால்கூடக் குசுகுசுவென்றுதான் போட வேண்டும். ஒருமுறை அவள் கோபம் தாங்காமல் ஏரிக்கரைக்கு அவனை இழுத்துக்கொண்டு போய் ஆசை தீரத் திட்டிவிட்டு வந்தாள். அவர்கள் இருவர் மட்டும் தனியாகப் போய்வந்த பயணம் அதுவரை அது ஒன்றுதான்.

ஏஞ்சல் செய்தி அனுப்பிய நாளிலிருந்து மூன்று வாரம் திட்டம் போட்டார்கள். மாமியாருக்கு யார் கஞ்சி வைப்பது, ஆட்டை யார் ஓட்டுவது, எந்தப் பஸ்ஸில் ஏறுவது. பெஞ்சமின் பேக்கேஜ் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"மெழுகுவத்தி வெளிச்சத்துல சாப்பாடாம். கரண்ட்டு இல்லாம தின்றதுக்கு அவ்ளோ தூரம் போணுமா? அதான் நம்ம வூட்லயே கீதே."

"யோவ், மூடிக்கினு படி."

"கட்டில்ல பூ போட்டு வெப்பாங்களாம்மே."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். (இந்த இடத்தில் 'முகம் சிவந்தாள்' என்று எழுதியிருந்தேன். கேட்டதற்கு, "அடுப்புல பால் பொங்கிக்கினு இருந்திச்சி" என்றாள். இரண்டையும் விட்டுவிடுகிறேன்.)

பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் வாசலில் நின்று கேட்டாள்: "கல்யாணம் கட்டிக் குடுக்குற வயசுல பொண்ண வெச்சிக்கினு இன்னாடி இதெல்லாம்?"

"பொண்ணுதான் அனுப்புது. உன் பொண்ணு உன்ன எங்க அனுப்பிச்சி?" என்றாள் பிரிஸ்கில்லா. அதன்பிறகு சொக்கம்மாள் பேசுவதில்லை.

4

செங்கல்பட்டு பஸ், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக இன்னொரு பஸ். பதினொரு மணிக்கு ஓட்டல் வாசலில் இறங்கினார்கள். பெஞ்சமின் புதுச் சட்டை. அவள் ஏஞ்சல் எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவை.

கோட்டு போட்ட ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இது யாருக்கும்மா?"

"எங்களுக்குத்தான் சார்."

"இது ஜோடிங்களுக்கு. வேலைக்கு வந்திருந்தீங்கன்னா பின்பக்கம் போங்க."

"நாங்க ஜோடிதான் சார்," என்றாள்.

ஆதாரைக் கேட்டார். அவளுடையதில் இன்னும் அப்பா பேர்தான் இருந்தது. கல்யாணச் சான்றிதழ் வேண்டும் என்றார். பின்னால் ஒரு இளஞ்ஜோடி வந்தது. அந்தப் பெண்ணின் அட்டையிலும் அப்பா பேர்தான் இருந்திருக்கும், யாரும் கேட்கவில்லை. அவர்களிடம் சாவியைக் கொடுத்து இளநீரும் கொடுத்தார். இவர்களை உட்காரச் சொன்னார். பெஞ்சமின் உட்காரவில்லை. "பரவாயில்ல சார்" என்று தூணோரம் நின்றான். "பொண்ணு போட்டுக் குடுத்தது சார், நாங்க கேக்கல சார்" என்று இரண்டு முறை சொன்னான். 'சார்' வரும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்தாள்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய ஆள் போனில் பேசிக்கொண்டே டிக்கியைத் திறந்து, பெஞ்சமினைப் பார்த்து விரலை ஆட்டினார்.

பெஞ்சமின் போனான். கீழே சக்கரம் வைத்த பெட்டிகள். உருட்டலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஒன்றைத் தோளில் ஏற்றினான், ஒன்றைக் கையில் பிடித்தான், அந்த ஆள் பின்னாலேயே மாடிப்படி ஏறினான்.

அவள் சோபாவில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வரும்போது அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"ரூம பாத்துட்டேன்மே! வெள்ளவெளேர்னு கட்டிலு. நெசமாவே பூ போட்டுக்கீது. ஜன்னலத் தொறந்தா கடலு."

சட்டைப்பையில் அந்த ஆள் செருகிய நோட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

5

இங்கே இரண்டு நாள் எழுத முடியவில்லை. பெஞ்சமின்மீது எனக்கு அத்தனை கோபம். அதனால் இப்படி எழுதினேன்:

"பெஞ்சமின் பெட்டியைக் கீழே வைத்தான். நிமிர்ந்தான். 'நானும் இங்க தங்க வந்தவன்தான் சார், உங்க பெட்டிய நீங்களே தூ—'"

படித்துக் காட்டியதும் பிரிஸ்கில்லா கையை ஓங்கிவிட்டாள்.

"அந்த மாரி சொல்லியிருந்தா நான் இன்னாத்துக்கு உங்கிட்ட வந்து கத்திக்கினு கீறேன்? அவன் தூக்குனான்! தூக்குனான்னு எழுது! யார் விரல ஆட்டுனாலும் தூக்குவான். உங்க அப்பா களத்துல எத்தினி மூட்ட தூக்கியிருக்கான், கேட்டுப் பாரு. தூக்கி வெச்சிட்டுத் தலையச் சொறிஞ்சிக்கினு நிப்பான். அத்தப் பாத்து நீங்க சிரிப்பீங்க."

[இதற்கு அடிக்குறிப்பு போடலாம் என்று நினைத்தேன். அவள் சொன்னது சரி என்பதைத் தவிர அடிக்குறிப்பில் எழுத ஒன்றும் இல்லை.]

6

அவள் எழுந்தாள். முதலில் புருஷனிடம்தான் போனாள். பையிலிருந்த நோட்டை உருவி, அங்கே கண்ணாடிக் கிண்ணத்தில் மிதந்த பூவுக்கு நடுவில் போட்டாள்.

"நாம இன்னாத்துக்கு வந்தோம்? சொல்லு. மூட்ட தூக்கவா வந்தோம்?"

"அந்தாளு கூப்டாரு. சொம்மாதானே நின்னுக்கினு இருந்தேன்."

"சொம்மா நிக்கக்கூட உனக்குத் தெரியாதா? இருவத்திமூணு வருசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எம் பக்கத்துல சொம்மா உக்காரத் தெரியாதா உனக்கு?"

இதைக் குசுகுசுவென்று சொல்லவில்லை. நாலு பக்கமும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இளநீர் குடித்துக்கொண்டிருந்த பெண் உறிஞ்சுவதை நிறுத்தினாள். பிரிஸ்கில்லா கோட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இன்னா சர்ட்டிபிகேட்டு வேணும் உனக்கு? ரெண்டு பெத்துக்கீறேன், பெத்த வயித்தக் காட்டட்டா? எம் பொண்ணு நைட் ஷிப்ட்டு பாத்துக் கட்டுன ரூமு. சாவியக் குடு. இல்ல, இங்கயே படுத்துக்கிறேன். வரவங்க போறவங்கல்லாம் என்னத் தாண்டிக்கினு போவட்டும்."

சோபாவில் காலை நீட்டிப் படுத்தேவிட்டாள். பச்சைப் புடவை, ரப்பர் செருப்பு, எல்லாவற்றோடும்.

மேனேஜர் ஓடிவந்தார். ஐந்து நிமிஷத்தில் சாவி வந்தது. கடல் பார்த்த அறை இல்லை. கீழே, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், பின்கட்டு. கட்டிலில் பூவும் இல்லை. அவள் பையை வைத்தாள். பெஞ்சமின் இரண்டடி பின்னால், குற்றம் செய்த பிள்ளை மாதிரி வந்துகொண்டிருந்தான்.

அவன் உள்ளே வருவதற்குள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அவன் தட்டினான். "ஏம்மே." மறுபடி தட்டினான். "கோவமா கீறியா?"

உள்ளே அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கரைக்குப் பிறகு இவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை என்பதால் தொண்டை எரிந்தது. தான் ஒருத்தி மட்டும் இருக்கிற அறை அவளுக்கு அதுதான் முதல். வெளியே ஜெனரேட்டர் ஓடியது. அவன் தட்டுவதை நிறுத்தினான், ஆனால் போகவில்லை. கதவுக்குக் கீழே அவன் கால் நிழல் தெரிந்தது.

7

இங்கே மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். அவள் கதவைத் திறந்தாள். அவள் விடியும்வரை திறக்கவில்லை, அவன் கடலோரம் தனியாக உட்கார்ந்திருந்தான். அவள் திறந்தாள், அவன் மன்னிப்புக் கேட்டான், அவள் அவனை—

மூன்றையும் வாசித்தேன். பிரிஸ்கில்லா கேட்டுவிட்டு, "அடுத்த நாளு ஒண்ணாத்தான் பஸ்ல வந்தோம். அவ்ளோதான் உனக்கு," என்றாள்.

ஓட்டலிலிருந்து திரும்பியதும் அவள் மறுபடி கடைக்கு வந்தது கதை சொல்வதற்கு இல்லை. அந்த ஓட்டலைப் பற்றி இணையத்தில் நாலு வார்த்தை நறுக்கென்று எழுதித்தரச் சொல்லித்தான் வந்தாள். எழுதினேன். கோட்டுக்காரர், விரலை ஆட்டிய ஆள், ஜெனரேட்டர், எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். வரவேற்புக்கு எத்தனை நட்சத்திரம்? "ஒண்ணு. அதுக்குக் கீழ இல்லியா?" இல்லை.

கடைசியில் ஒரு கட்டம். 'அறையில் உங்கள் பொழுது எப்படி இருந்தது?'

"அத்த உடு."

"விட முடியாது. நிரப்பினாத்தான் அனுப்பும்."

"இன்னா போடணுமாம்?"

"கதவத் தெறந்தியா, அப்பால—"

அவள் பார்த்த பார்வையில் விரலை எடுத்துவிட்டேன்.

"அது எங்க ரெண்டு பேருக்கு உள்ளது. அந்த ஓட்டல்காரனுக்கும் சொல்ல மாட்டேன், உனக்கும் சொல்ல மாட்டேன். அது இல்லாம வாங்கிக்கமாட்டான்னா, அழிச்சிடு அத்தினியும்."

அழித்தேன்.

அழித்ததை மறுபடி இங்கே எழுதியிருக்கிறேன். அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சமின் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் நான் நிற்கிறேன், எனக்குப் பின்னால் நீங்கள். அவனுக்காவது அங்கே நிற்க உரிமை உண்டு. நாம் போகலாம், வாருங்கள்.