தாழ்ப்பாளின் உயரம்

“ஜன்னலே இல்லாத அறையில என்னை அடைச்சு வெச்சா, திருடன் வர்றதுக்கு முன்னாடியே நான் மூச்சு முட்டி—”

“மேல காத்துக்கு ரெண்டு துளை போட்டாச்சுன்னு சொல்றேன்ல, நீ காது குடுத்துக் கேட்டாத்தானே—”

“அந்தத் துளையில பல்லிதான் வரும். காத்து வராது.”

“பல்லி வந்தா வரட்டும். அதுவும் இந்த வீட்டு ஆளுதானே.”

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். சிரித்துவிட்டால் தச்சர் ஜெயித்ததாக ஆகிவிடும். கல்யாணமான நாள் முதல் அந்த மனிதர் இப்படியே ஜெயித்துக்கொண்டிருக்கிறார்.

எதிர்வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே திருடர்கள் கதவை உடைத்துப் புகுந்து, அந்த வீட்டுக்காரரை அடித்தும் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து தச்சருக்கு இதே நினைப்பு. மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறையை ஒழித்தார். உடைந்த நாற்காலிகளும் சக்கரம் போன சைக்கிளும் பின்கட்டுக்குப் போயின. கனமான பலகையில் கதவு செய்து, அதற்கு இரும்புத் தகடு அடித்தார். யாராவது உள்ளே புகுந்தால், இப்போது பள்ளிக்கூடம் போயிருக்கும் மகள் உட்பட எல்லோரும் அந்த அறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டு போலீசுக்கு ஃபோன் செய்ய வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

“தம்பி, எனக்கு முட்டி மடங்காது. தரையில உக்கார வெச்சிடாத.” சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டே அவருடைய அக்கா குரல் கொடுத்தாள்.

“பெஞ்சு போடறேன்க்கா.”

“ஃபேன்?”

“திருடன் போற வரைக்கும் இருந்தாப் போதும்க்கா. குடித்தனமா நடத்தப் போறீங்க?”

“அவன் சாவகாசமா சாப்பிட்டுட்டுப் போறவனா இருந்தா?”

“அண்ணி, நேத்து வெச்ச குழம்பைச் சாப்பிட்டா அவனே ஓடிடுவான்,” என்றாள் தையல்காரி.

“குழம்பு வெச்சது நீதான்.”

இந்தத் தடவை மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள். சண்டை அதோடு போயிற்று. தச்சர் திருகாணி எடுத்துவர வெளியே போனார். தையல்காரி புதுக் கதவைத் தடவிப் பார்த்தாள். எங்கும் கையில் குத்தும் சிலாம்பு இல்லை. தாழ்ப்பாள் வரவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கையை வைத்துப் பார்த்தாள். எம்பவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். அவள் கைக்கே அளவெடுத்த மாதிரி இருந்தது.

போன வாரம் அந்த வாசலில் அவளை நிற்கவைத்து, “கையை நீட்டு” என்றாரே, அது இதற்குத்தானா? விளையாடுகிறார் என்றல்லவா நினைத்தாள். மனம் குளிர்ந்துவிட்டது. இந்த வீட்டின் தாழ்ப்பாள்கள் எல்லாம் அவருடைய உயரத்துக்கு வைத்தவை. பகலில் ஒரு கதவுக்குத் தாழ் போடக்கூட அவள் நுனிக்காலில் நிற்க வேண்டும். எத்தனை முறை புலம்பியிருப்பாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: “ராத்திரி கடைசியாப் பூட்டறது யாரு, நான்தானே? பூட்டற கைக்குத்தான் தாழ்ப்பாள்.” வேலைக்குப் போகிற வீடுகளிலும் அவர் அப்படித்தான். கடைசியாகக் கதவு சாத்துகிறவரைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்வார். மற்றவர்கள் சொல்லும் அளவைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

பூட்டுகிற கைக்குத்தான் தாழ்ப்பாள்.

கோட்டின் மேல் இருந்த அவள் கை அப்படியே நின்றது.

தச்சர் திரும்பி வந்தார். “என்ன, பிடிச்சிருக்கா?”

“இந்தக் கதவைச் சாத்தப் போறது யாரு?”

“நீதான்.”

“அப்ப நீங்க?”

அவர் திருகாணிப் பெட்டியைத் திறந்து எதையோ தேடினார். “வந்துடுவேன். முதல்ல நீ, அக்கா, பொண்ணு. மூணு பேரும் உள்ள போயிடணும்.”

“வந்துடுவேன்னா எப்ப?”

“யாராவது ஒருத்தர் வாசல்ல நின்னு தடுத்தாத்தானே அக்கா நடந்து வந்து சேர முடியும்? அவ நடை உனக்குத் தெரியாதா?”

“எதிர்வீட்டுக்காரரும் வாசல்ல நின்னுதான் தடுத்தாரு. இன்னும் ஆஸ்பத்திரியில கிடக்கறாரு.”

“அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?”

“அண்ணியை ஆளுக்கு ஒரு கை பிடிச்சுக் கூட்டிட்டு வருவோம். இழுத்துட்டு வருவோம். தூக்கிட்டு வருவோம்.”

சமையலறையில் பூண்டு உரிக்கிற சத்தம் நின்றிருந்தது. “என்னைத் தூக்கறதுக்கு உங்க ரெண்டு பேர் பத்தாது,” என்று அங்கிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

தையல்காரி அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்துப் பழைய கோட்டை அழுத்தித் துடைத்தாள். பிறகு அவருடைய வலது கையைப் பிடித்துக் கதவின் மேல் வைத்தாள். அது நின்ற இடத்தில், நுனிக்காலில் எம்பி, தடிமனாக ஒரு கோடு போட்டாள். குதிகாலைத் தரையில் ஊன்றிக் கையை நீட்டிப் பார்த்தாள். விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அது போதாதென்று பட்டது போல, இன்னும் சற்று மேலே இன்னொரு கோடு போட்டுவிட்டுப் பென்சிலை அவர் கையில் கொடுத்தாள்.

“இங்க வைங்க. எனக்கு எட்டக் கூடாது.”