தைக் ஹனாஃபினின் தாண்டல்

உயரம் தாண்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் சங்கிலிக்குண்டு எறிகிறவன். காலைத் தரையில் ஊன்றி நிற்கிறவன். ஆனால் தைக் ஹனாஃபினைப் பிடிக்கும்.

அயர்லாந்தில் எங்கள் ஊரான பாலிகரனில் குதிரை லாயத்தில் வேலை செய்தான் தைக். ஒரு குதிரை உதைத்ததில் இடது முழங்கால் சரியாக மடங்காது. மற்றவர்களைப் போலக் காலை முதலில் வீசித் தாண்ட முடியாததால், அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ஓடி வந்து தலையையும் தோளையும் கம்புக்கு மேலே எறிந்து, உடம்பைப் பின்னாலேயே உருட்டி, அந்தப் பக்கம் வெறும் புல்லில் தொப்பென்று விழுவான். ஊரே சிரிக்கும். கன்றுக்குட்டி என்றுதான் பெயர்.

தலைகீழாகப் பாயக் கூடாது என்று விதியில் ஒரு வரி இருந்தது. இவனுடையது பாய்ச்சலா, தாண்டலா என்பது நடுவர் கண்ணைப் பொறுத்தது. எங்கள் ஊர் நடுவர் வக்கீல் கஃபின். கோடைதோறும் அவர் "செல்லும்" என்றுதான் சொன்னார். ஸ்காட்லாந்தோடு மோதும் அயர்லாந்து அணியில் அவனைச் சேர்த்தவரும் அவரே.

கிளாஸ்கோவுக்குப் போகும் கப்பலில் பாதிப் பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தோம். இவன் மட்டும் என்னிடம் உளறிக்கொண்டே வந்தான்.

"அங்க ஒரே ஒரு தடவ 'செல்லும்'னு சொல்லிட்டாப் போதும்டா. அப்புறம் எவன் என்னைக் கன்னுக்குட்டிம்பான்?"

"நான் சொல்லுவேன். வாய மூடிட்டுப் படுடா."

மறுநாள் எல்லாப் பந்தயமும் முடிந்தபோது இரு நாடும் சமம். மிச்சம் உயரம் தாண்டல் மட்டுமே. முட்டியைக் காப்பாற்றச் சின்ன உயரங்களைத் தைக் தொடவில்லை. ஸ்காட்லாந்தின் லோரிமர் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து, ஆறடியில், மூன்று வாய்ப்புகளில் முதலாவதில், கம்பைத் தள்ளினான். அப்போதுதான் இவன் மேல்சட்டையைக் கழற்றினான்.

ஓடினான், உருண்டான், விழுந்தான். கம்பு அசையவே இல்லை. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது.

கொட்டகையில் உட்கார்ந்திருந்த கனவான்களில் ஒருவர், "இதென்ன, சர்க்கஸா?" என்றார். அவரைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நாட்டுக்கு ஒருவராக இரண்டு நடுவர்கள்; எங்களுக்குக் கஃபின். இருவரும் ஒப்பினால்தான் செல்லும். ஸ்காட்லாந்துக்காரர் தோளைக் குலுக்கி, "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க" என்றார். கஃபினின் முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"செல்லாது," என்றார் எங்கள் கஃபின். "அது பாய்ச்சல்."

தைக் புல்லை உதறியபடி அவரிடம் போனான். "ஐயா, போன மாசம் இதையேதான நீங்க சரின்னீங்க?"

"அது நம்ம ஊருப்பா," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "இங்க நாலு பேரு பாக்குறாங்க."

லோரிமரே வந்து, "நல்லாத்தான தாண்டுனாரு, விடுங்களேன்" என்றான். கஃபின் அசையவில்லை. அந்த ஆளைத் தூக்கிக் குண்டுக்குப் பதிலாக எறிந்திருக்க வேண்டும். என் கையை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள்.

லோரிமர் மிச்ச இரண்டு முறையும் கம்பைத் தள்ளினான். தைக் இரண்டு முறையும் காலை முதலில் வீசி, ஊரார் மெச்சும் முறையில் முயன்றான். இரண்டாவது முறை முட்டி உள்ளே நறுக்கென்றது எனக்கே கேட்டது. கம்பு அவன் மேலேயே விழுந்தது. சின்ன உயரங்களையாவது தாண்டியிருந்த லோரிமருக்கே வெற்றி, கோப்பை ஸ்காட்லாந்துக்கு.

திரும்பும் கப்பலில் கஃபின் செய்தித்தாளை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அயர்லாந்துக்காரர்களின் நேர்மையை மெச்சி எழுதியிருந்தார்களாம். தைக் அதைக் கடைசிவரை கேட்டான். அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த கோடையில் எங்கள் ஊர் விளையாட்டு விழா. வழக்கம்போல நடுவர் கஃபின். வழக்கம்போல அவன் பெயரைக் கூப்பிட்டார்.

"வா தைக், உன் பாணியிலயே தாண்டு. இங்க யாரு கேக்கப்போறா?"

தைக் விந்தி விந்திக் கம்புவரை நடந்தான். ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையைக் குனிந்து, கம்புக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் மைதானத்தின் வாசலைப் பார்த்து நடந்தான்.

கன்றுக்குட்டி வேடிக்கை காட்டுகிறது என்று ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. கஃபினும் சிரித்தார்.