கழிப்பறையில் தொங்கும் நாட்காட்டி

சூட்ஃபன் ஊரில் இரண்டு இரவு தங்க ரூலின் தனியாகத்தான் வந்தாள். கையில் ஒரு சின்னப் பெட்டி, தோள்பையில் மாத்திரை டப்பா. கல்லீரலில் வந்தது நுரையீரலுக்கும் போய்விட்டது, கிறிஸ்துமஸைப் பார்ப்பது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. சாவதற்குள் அவளுக்கு ஒரே ஒரு காரியம் பாக்கி. பெற்ற மகனைப் பார்த்து, நான்தான் உன் அம்மா என்று சொல்லிவிட வேண்டும். முப்பது வருடமாக வாயில் வராதது இரண்டு நாளில் வந்துவிடும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

மகன் யோரிட்டுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சர்ச் பாடகர் குழுவில் கூடப் பாடிய ஒருவனோடு குரோனிங்கன் நகரத்துக்குப் போனவள் அவள். வீட்டை விட்டுப் போன அந்த முதல் வருடத்தில் மகனுக்கு நான்கு கடிதம் போட்டாள். பதில் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது என்று அத்தோடு நிறுத்திக்கொண்டாள். நல்ல வெட்கம்! கடிதம் எழுதத்தான் வெட்கம், அங்கே குடும்பம் நடத்த வெட்கமில்லை. விட்டுவந்த புருஷன் ஹார்மென் செத்து இப்போது ஆறு வருடம். அதே பழைய வீட்டின் மாடி அறையை யோரிட் பயணிகளுக்கு விடுகிறான் என்று இணையத்தில் பார்த்து, இரண்டாம் கணவனின் பெயரில் பதிவு செய்துகொண்டு வந்துவிட்டாள்.

கதவைத் திறந்தவன் அச்சாக ஹார்மென்தான். அதே நெற்றி, அதே இறங்கின தோள். அவளோ முடி கொட்டி, கம்பளித் தொப்பிக்குள் முகம் பாதியாகச் சுருங்கிப் போயிருந்தாள். இவளை யாருக்கு அடையாளம் தெரியும்? பயணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டபடி பெட்டியை வாங்கிக்கொண்டு அவன் முன்னால் மாடிப்படி ஏறினான். அந்தப் படி திரும்புகிற இடம் கும்மிருட்டு. தலைக்கு நேராக ஓக் மர விட்டம் ஒன்று குறுக்கே ஓடும். ரூலின் தலையைக் குனிந்து, அதைத் தாண்டி நிமிர்ந்தாள். மேலே நின்று திரும்பிய யோரிட் எதையோ சொல்ல வாயைத் திறந்தவன், அப்படியே மூடிக்கொண்டான். துண்டு எங்கே இருக்கிறது, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சாயங்காலம் அவள் கீழே கழிப்பறைக்குப் போனாள். அந்த நாட்டில் எல்லார் வீட்டிலும் போல அங்கேயும் சுவரில் பிறந்தநாள் நாட்காட்டி தொங்கியது. அதில் கிழமை கிடையாது, வருடம் கிடையாது. மாதம், தேதி, பக்கத்தில் பெயர், அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்தில் கண்ணெதிரே இருப்பதால் யாரையும் வாழ்த்த மறக்காது. ஒருமுறை மாட்டினால் ஆயுசுக்கும் ஓடும். இது யோரிட் பிறந்த வாரத்தில் அவள் வாங்கி மாட்டியது. பெயரெல்லாம் நீல மையில் அவள் கையெழுத்து. செத்துப் போனவர்கள் பெயருக்குப் பக்கத்தில் வழக்கம்போல ஒரு சிலுவை. மாமனாருக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, ஹார்மெனுக்கு ஒன்று. எல்லாம் பேனாவால் போட்டவை.

மார்ச் பதினான்கில் 'ரூலின்' என்று இருந்தது. அதற்கு இன்னும் இரண்டு நாள். பெயருக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு பென்சில் சிலுவை. குழந்தை போட்டது மாதிரி இருந்தது, மங்கியும் போயிருந்தது.

அவள் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ரொட்டியும் சீஸும் வைத்துவிட்டு யோரிட்டும் எதிரே உட்கார்ந்தான். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவள் பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டாள். அப்பா தவறிப்போனதைச் சொன்னான்.

"அம்மா?"

"எனக்கு ஒம்பது வயசுல செத்துட்டாங்கன்னு அப்பா சொன்னாரு." காபியை ஊற்றி, பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினான். "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

இதைவிட நல்ல இடம் யாருக்கு வாய்க்கும்? கேள்வியைத் தட்டில் வைத்து நீட்டுகிறான் பையன்.

"இல்ல" என்றாள் ரூலின்.

அவன் தலையை ஆட்டினான். அவள் ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தான்.

அன்றைக்குப் பூராவும் ஐசல் ஆற்றங்கரையில் நடந்தாள். வெள்ளம் புல்வெளிவரை ஏறிக் கிடந்தது. குளிர் எலும்பைக் குடைந்தது. செத்துப்போன அம்மா நல்ல அம்மா என்று யோசித்தாள். இவன் துக்கப்பட்டு, ஆறி, பிழைத்துக்கொண்டான். இப்போது போய், நான் சாகவில்லை, உன்னை விட்டுவிட்டுத்தான் போனேன், ஆனால் இந்த வருடம் நிஜமாகவே சாகப்போகிறேன் என்று சொன்னால் பையனுக்கு இரண்டு கருமாதி. பாவம், அவனை விட்டுவிடலாம். பயத்துக்கு இரக்கம் என்று பெயர் வைக்க அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? திரும்பி வரும்போது அவளுக்கு மனசு லேசாகக்கூட இருந்தது, சண்டாளி.

பதினான்காம் தேதி விடிந்ததும் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். தோள்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த மங்கின சிலுவையின் மேலேயே அழுத்தி இரண்டு கோடு இழுத்தாள். மகனுக்குத் தான் செய்கிற கடைசி உபகாரம் என்று நினைத்துக்கொண்டாள்.

மேஜையில் ரொட்டியோடு முழுசாக ஒரு ஆப்பிள் கேக் இருந்தது. கரண்டியும் இரண்டு தட்டும் இருந்தன. செத்த அம்மாவின் பிறந்தநாளைப் பிள்ளை இன்னும் கொண்டாடுகிறானே என்று நினைத்தபடி அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வந்துவிடுகிறேன் என்று கழிப்பறைப் பக்கம் போன யோரிட் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பினான். கேக்கின் மேல் துணியைப் போட்டு மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் காய்ந்த ரொட்டியைத் தின்று முடித்தாள்.

பெட்டியை வாசல்வரை அவனே தூக்கி வந்தான். அவள் சாவியைக் கொடுத்தாள்.

"பிறந்தநாள் வாழ்த்துகள்" என்றான்.

அவள் எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"இங்க தங்க வர்ற ஒருத்தர் பாக்கியில்லாம அந்த விட்டத்துல தலைய இடிச்சிருக்காங்க. நீங்க இடிக்கல. நீங்களாச் சொல்வீங்கன்னு ரெண்டு நாள் பாத்தேன்."

"யோரிட், நான் சொல்லணும்னுதான் வந்தேன்..."

"பேனாவால சிலுவை போடுடான்னு அப்பா சொன்னாரு. நான் பென்சிலால போட்டேன். அவரு சொன்னது பொய்யா இருந்து நீங்க வந்துட்டீங்கன்னா அழிக்கணும்ல?" அவன் குரல் உயரவே இல்லை. "அது முப்பது வருஷம் பென்சிலாத்தான் இருந்துச்சு. இன்னைக்குக் காலையில அது மேல பேனாவால போட்டது யாரு?"

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"நான்தான்" என்றாள் ரூலின்.

அவன் பெட்டியை அவள் காலடியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.