தூங்கி விழுந்த தலைக்கு யார் பொறுப்பு

ஃபெர்மின் கலூசோ யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டார்; பல்லைத்தான் பார்ப்பார். தொழில் அப்படி. புவனோஸ் ஐரிஸில், போயேதோ வட்டாரத்தில், ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பல் செட் செய்து பிழைக்கிறவர். வயது ஐம்பத்தேழு. கல்யாணம் ஒருமுறை ஆகி, ஒருமுறை முறிந்தும் போனது. ஆனால் கண்ணைப் பார்க்காத பழியை முழுக்கத் தொழில்மேல் போடுவது நியாயமில்லை. கண்ணைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால் பல்லோடு நிறுத்திக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனுஷன் டாங்கோ ஆடப் போகலாமா? போனார். புதன்கிழமை மதியம் ஆனால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு சங்கக் கூடத்துக்குக் கிளம்பிவிடுவார். காலையில் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுகிற கூடம்தான். மதியம் மேஜை நாற்காலி போட்டால் அதுவே மிலோங்கா, அதாவது டாங்கோ ஆட்டக்கூடம். ஆட்டம் அவருக்கு நன்றாகவே வரும். கஷ்டமெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால். எங்கள் ஊரில் எந்த ஆம்பளையும் ஒரு பெண்ணின் மேஜைக்குப் போய் ஆட வருகிறாயா என்று வாயால் கேட்கமாட்டான். இருந்த இடத்திலிருந்தே அவள் கண்ணைப் பார்க்கவேண்டும். அவளும் பார்த்தால் லேசாகத் தலையை அசைக்கவேண்டும். பதிலுக்கு அவளும் அசைத்தால் எழுந்து போய்க் கூட்டிவரலாம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவமானத்தை அக்கம்பக்கம் தெரியாமல் விழுங்கிக்கொள்ளலாம். ஆனால் தலையசைத்தவன் பின்வாங்கக்கூடாது. நாலு பாட்டு ஒரு கட்டு. நாலையும் ஆடி முடித்து, அவளை அவளுடைய நாற்காலியிலேயே கொண்டுபோய் விடவேண்டும்.

கண்ணைப் பார்க்காதவர் எப்படிக் கூப்பிடுவார்? பயிற்சி வகுப்பில் பழகிய பெண்கள் இரண்டு மூன்று பேர் பரிதாபப்பட்டு அவர்களாகவே முதலில் தலையசைப்பார்கள். அதில்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது. சுலேமா பச்சியோனி அப்படி அசைக்கிற ரகம் இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற டீச்சர், மின்விசிறிக்குப் பக்கத்து மேஜையில் தனியாக உட்காருவாள். அவளுடைய முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் லேசாகச் சாய்ந்திருக்கும். வாழ்நாளில் ஃபெர்மின் திருத்த நினைக்காத ஒரே பல் அதுதான். இரண்டு வருஷமாக அவளோடு ஆடவேண்டும் என்று ஏங்கினார். இரண்டு வருஷமாக அந்தப் பல்லுக்கு மேலே பார்வையை ஏற்றத் தைரியம் வரவில்லை.

இந்த நிலைமையில் ஒருநாள் பாதாள ரயிலில் அவருக்கு மூச்சு முட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் இதயம் கல்லாட்டம் இருக்கிறது, படபடப்பு மனசில்தான் என்றார்கள். வாரா வாரம் மனப்பகுப்பாளர் எஸ்தெலாவிடம் போய், சாய்வுக் கட்டிலில் படுத்துக்கொண்டு அம்மாவைப் பற்றிப் பேசுவார். எஸ்தெலா இனி பேச்சு மட்டும் போதாது என்று மனநல டாக்டர் காப்லுனிடம் அனுப்பினார். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

"பாதி காலையில, பாதி ராத்திரியில. மொதல்ல கொஞ்சம் படுத்தும். வாய் வறளும், கொட்டாவி வரும், அசத்தும். பொறுத்துக்குங்க, போகப்போக அடங்கிடும்" என்றார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. பல் அறுக்கிற சன்னச் சக்கரத்தால் மாத்திரையைச் சரிபாதியாக அறுத்துச் சாப்பிட்டார். அறுத்ததில் மட்டும் குறை சொல்ல முடியாது. அப்புறம் நாக்கு காய்ந்த செருப்பாக ஆனது. தக்காளியில் இரும்பு ருசித்தது. கனவில் பல் செட்டுகள் ஜோடி ஜோடியாக ஆடின. கொட்டாவி வந்தால் தாடை கழன்றுவிடும்போல வந்தது.

எங்கள் ஊரில் மனநல டாக்டரிடம் போகாதவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அதனால் இது ரகசியமும் இல்லை, யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமும் இல்லை. கட்டடக் காவலாளி எவாரிஸ்தோ தரையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, "அதையா சாப்பிடறீங்க? என் கொழுந்தியா சாப்பிட்டா. இப்ப கதவுல பக்கவாட்டுலதான் நுழையறா" என்றார். எஸ்தெலாவோ வழக்கப்படி ஆழம் பார்த்தார்.

"வாய் வறளுதுன்னா, சொல்லாம உள்ளேயே வச்சுக்கிட்டது எதுன்னு யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சேங்க. தண்ணிதான் வேணும்னு தோணுது" என்றார் ஃபெர்மின்.

அந்த வாரப் புதன்கிழமையும் வந்தது. ஃபெர்மினும் அவருடைய சிநேகிதன் சீச்சேயும் வழக்கமான மேஜையில் உட்கார்ந்தார்கள். சீச்சே டாக்சி ஓட்டுகிறவன். பேசாமல் இருந்தால் மீட்டர் ஓடாது என்று நினைக்கிற ஜாதி. அவன் பேசிக்கொண்டே இருக்க, ஃபெர்மினின் இமைகள் கனத்தன. திடீரென்று விலாவில் ஒரு குத்து விழுந்தது.

"யோவ் மாஸ்டர், எழுந்திரு. ஒர்த்தென்சியா காத்துக்கிட்டிருக்கா."

"எதுக்கு?"

"எதுக்கா? நீதானய்யா கூப்பிட்ட."

"நான் வாயே தொறக்கலையே."

"வாயை யாரு கேட்டா? தலையை ஆட்டின. அவளும் ஆட்டினா. கூடமே பாத்துச்சு. போ."

எதிர்ப்பக்கம் நூல்கடை ஒர்த்தென்சியா முகம் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷி. ஆனால் ஆட்டம் என்றால் அலமாரியை இடம் மாற்றுகிற மாதிரி ஆடுவாள், நாம்தான் அலமாரி. ஃபெர்மின் போனார். வேறு வழி?

"ரெண்டு வருஷமா ஏறெடுத்துப் பாக்காதவரு, இன்னிக்கு என்ன இப்படி ஒரே ஆட்டா ஆட்டிட்டீங்க?" என்று அவள் காதோரம் கேட்டாள். நாலு பாட்டு முடிந்தபோது அவருடைய கால் விரல்களில் ஒன்றிரண்டுதான் சொந்தமாகத் தோன்றின.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி கண் சொக்கியது. இந்தத் தடவை தலை சாய்ந்த திசையில் கறிக்கடை பெத்ரோனும் அவர் மனைவியும் இருந்தார்கள். புருஷனோடு உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்துத் தலையசைப்பது எங்கள் ஊரில் சட்டையைப் பிடிக்கிற விவகாரம். பெத்ரோன் எழுந்து வந்து மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"என் பொண்டாட்டியப் பாத்தா தலையை ஆட்டின?"

பதில் சொல்ல ஃபெர்மின் வாயைத் திறந்தார். வந்தது கொட்டாவி, அதுவும் பெத்ரோனின் முகத்துக்கு நேராக, சாவகாசமாக வந்தது. சீச்சே பாய்ந்து நடுவில் விழுந்தான்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. மனசு படபடப்புக்கு மாத்திரை சாப்பிடறாரு. தலை அதுவா விழுது."

பெத்ரோனின் முகம் அப்படியே இளகியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இத மொதல்லயே சொல்றதில்லயா? எந்த மாத்திரை? எத்தன மில்லிகிராம்? நானும் சாப்பிட்டேன் தம்பி. எனக்குத் தூக்கம் வரல, வேர்வை. குளிர்பதன அறைக்குள்ள நின்னு மாட்டுத்தொடையை வெட்டிக்கிட்டு வேர்வை. நீ ஒண்ணு பண்ணு, எலுமிச்சம்பழத் தோலை நாக்குக்கு அடியில வச்சுக்க."

அவருடைய வேர்வைக் கதை நீண்டுகொண்டே போனது. எப்போது முடிந்தது, அவர் எப்போது எழுந்து போனார் என்று ஃபெர்மினுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழியில் டாக்சியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சீச்சே அதைச் சொன்னான்.

"சொல்லாம விட்டுடலாம்னுதான் பாத்தேன். மனசு கேக்கல. நான் கழிவறைக்குப் போயிட்டு வாசல்ல வந்து நிக்கறேன். நீ சுலேமா பக்கம் திரும்பித் தலையை ஆட்டுற."

"யாரு பக்கம்?"

"சுலேமா. அவ ஒரு நிமிஷம் உன்னையே பாத்தா. அப்புறம் அவளும் ஆட்டினா. எழுந்து பாவாடையைக்கூட நீவி விட்டுக்கிட்டா. பாட்டு ஆரம்பிச்சிருச்சு. நான் ஜோடிகளை இடிச்சுத் தள்ளிக்கிட்டு ஓடி வரேன், நீ குறட்டை விடற. அவ உக்காந்துட்டா. வெண்ணெய் தெரண்டு வரப்ப தாழிய ஒடச்சிட்டியே மாஸ்டர்."

கூப்பிட்டுவிட்டு வராமல் போவதைவிடக் கேவலம் மிலோங்காவில் கிடையாது. அதையும் யாருக்குச் செய்தார் என்று நினைத்தபோது ஃபெர்மினுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருஷம் விழித்திருந்து காத்த ஒன்று நடந்தேவிட்டது. நடந்தபோது அவர் மட்டும் அங்கே இல்லை.

மறுநாள் காலையில் டாக்டருக்குப் போன் செய்தார். "இந்த மாத்திரை வேணாம் டாக்டர். நிறுத்திடறேன்."

"நீங்களா நிறுத்தக்கூடாது. காலையில பாதிய விட்டுட்டு, முழுசா ராத்திரிக்கு மாத்திக்குங்க. அசத்தல் குறைஞ்சிடும். அப்படி என்ன கெட்டுப்போச்சு?"

ஃபெர்மின் சொன்னார். டாக்டரும் இந்த ஊர்க்காரர்தானே.

"அடடா" என்றார். "மன்னிப்புக் கேக்கறேன்னு அவங்க மேஜைக்குப் போய் நின்னுடாதீங்க. அது அதைவிட மோசம். தலையால கெட்டது, தலையாலதான் சரியாகணும்."

அடுத்த புதன்கிழமை சுலேமா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஃபெர்மினுக்குத் தூக்கம் பாதி தெளிந்திருந்தது. மீதிப் பாதியை நம்ப முடியாது. தலை எங்கேயாவது விழுந்து தொலைத்துவிடக் கூடாதென்று மேஜையில் முழங்கையை ஊன்றி, இரண்டு கையாலும் தாடைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை சுலேமா தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய கோலத்தைக் கண்டதும் சட்டென்று திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு கொஞ்சம் குலுங்கியது. சிரிப்பா, கோபமா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை.

அதற்கடுத்த புதனுக்குள் வாயில் எச்சில் ஊறியது, தக்காளி தக்காளியாக ருசித்தது. பகல் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. டாக்டர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஃபெர்மினுக்குத்தான் பயம் பிடித்தது. இனி அந்தத் தலையைத் தானே அசைக்கவேண்டும். முன்பு அறுத்ததில் மிஞ்சிய பாதி மாத்திரை ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார். கூடத்தில் உட்கார்ந்ததும் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"என்னய்யா அது?" என்றான் சீச்சே.

"பாதி. இப்பப் போட்டா கொஞ்ச நேரத்துல கண்ணு சொக்கும். நாற்காலிய அவ பக்கமா திருப்பி வச்சிட்டேன்னா தலை நேரா அங்கதான் விழும். நீ தட்டி எழுப்பிவிட்டுடு."

சீச்சே அவரை ஏற இறங்கப் பார்த்தான். "பல்லு செய்யறவன்தானே நீ? வேற ஒருத்தன் மென்னு குடுத்தா உனக்குப் பசி ஆறுமா?"

ஃபெர்மின் மாத்திரையைப் பைக்குள் திரும்பப் போட்டார். எதிரே, மின்விசிறிக்குப் பக்கத்தில், சுலேமா இன்றைக்கு நாற்காலியை நேராகத்தான் போட்டிருந்தாள்.

பாட்டுக் கட்டு முடிந்து கூடத்தின் நடுவிடம் காலியானது. அடுத்ததற்கு ஆளாளுக்குக் கண்ணால் தேட ஆரம்பித்தார்கள். ஃபெர்மின் அந்தச் சாய்ந்த பல்லைப் பார்த்தார். வழக்கமாக அங்கேதான் நிற்பார். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் இத்தனை நாள் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தது, இன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பார்வையை மேலே ஏற்றினார். அவளுடைய கண் பழுப்பு நிறம். அது அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தலையை அசைத்தார்.

சுலேமா முகத்தைத் திருப்பவில்லை. தலையசைக்கவும் இல்லை. அவளுடைய இமைகள் மெல்ல மூடின. தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் முட்டியது. உதடு பிரிந்து, ஒரு குறட்டைகூட வந்தமாதிரி இருந்தது.

"போச்சு" என்றான் சீச்சே. "தூங்கறவங்கள எழுப்பலாம், தூங்கற மாதிரி நடிக்கறவங்கள எழுப்ப முடியாது. கெளம்பு, காப்பி வாங்கித் தரேன்."

முதல் பாட்டு தொடங்கிவிட்டது. ஜோடிகள் நகர ஆரம்பித்தன. கூடத்தில் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. பெத்ரோன் தன் மனைவியை இடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பழைய ஃபெர்மினாக இருந்தால் இந்நேரம் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு அவர் கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்கு அவள் பாவாடையை நீவிக்கொண்டு நின்றாளே, அந்த நேரமாவது நான் காத்திருக்கவேண்டும் என்று நினைத்தார்.

சுலேமாவின் ஒரு கண் மட்டும் லேசாகத் திறந்து, ஆள் இருக்கிறாரா என்று பார்த்தது. இருந்தார். மறுபடி தலையை அசைத்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டீச்சர் வருகைப்பதிவுக்குத் தலையசைப்பதைப்போல ஒருமுறை அசைத்தாள்.

ஃபெர்மின் போனார், கூட்டி வந்தார், ஆடினார். முதல் பாட்டு முடிந்து, இரண்டாவது தொடங்குவதற்குள் எல்லோரும் நின்றபடி நாலு வார்த்தை பேசுகிற இடைவெளியில் சுலேமா கேட்டாள்.

"அன்னிக்கு என்னை மட்டுந்தான் கூப்பிட்டீங்களா?"

"இல்லீங்க. ஒர்த்தென்சியாவையும் கூப்பிட்டேன். பெத்ரோன் வீட்டம்மாவையும் கூப்பிட்டேன். எல்லாம் தூக்கத்துல. மாத்திரை."

"அப்ப என்னையும் தூக்கத்துலதான்."

"ஆமாங்க." பொய் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. "இன்னிக்கு ஆட்டினது ஒண்ணுதான் நான் ஆட்டினது."

"ரெண்டு" என்றாள் சுலேமா. "ரெண்டு தடவை ஆட்டினீங்க. ரெண்டாவதுக்குத்தான் வந்தேன்."

நாலாவது பாட்டு முடிகிற சமயம், விட்டுப்போனதாக நினைத்த கொட்டாவி எங்கிருந்தோ கிளம்பி வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவள் முகத்துக்கு நேராகவே விட்டார். கொட்டாவி ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தொற்றுகிற சாமான். சுலேமாவும் வாயை ஆவென்று பிளந்து, கடைவாய்ப்பல் வரைக்கும் தெரியக் கொட்டாவி விட்டாள். விட்டு முடித்து இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளை நாற்காலியில் விட்டுவிட்டுத் தன் மேஜைக்கு வந்து, தண்ணீர் குடிக்கும்போதுதான் ஃபெர்மினுக்கு உறைத்தது: பல்லைப் பார்க்கவே மறந்திருந்தார்.