மைக் அண்ணன் வாசித்த புது மொழிபெயர்ப்பு

ஆராதனையில் இனி எந்த வேதாகம மொழிபெயர்ப்பை வாசிப்பது என்று தீர்மானிக்கச் சபைக் குழு மூன்று முறை கூடி, மூன்று முறையும் டீ குடித்துவிட்டுக் கலைந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பழையதில் பாதி புரிவதில்லை என்றாள் ஞாயிறு பள்ளி டீச்சர். புரியாமல் இருந்தால்தான் பயபக்தி வரும் என்றார் லாரி மெக்கானிக்.

நான்காவது கூட்டத்தில் போதகர் ஒரு வழி சொன்னார். நியாயம் கேட்டு நீதிபதியின் வாசலுக்கு ஒரு விதவை நடையாய் நடக்கும் அதிகாரத்தை மைக் அண்ணன் புதியதிலிருந்து வாசிக்கட்டும். கேட்டுவிட்டுக் கை தூக்குவோம். மைக் அண்ணன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், மெக்கானிக்கின் அக்கா கணவர். இருபத்தாறு வருடமாக ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவர். மைக் இல்லாமலே கடைசி வரிசையைத் தூங்கவிடாத குரல்.

அவர் புத்தகத்தை விரித்து, வரியில் விரல் வைத்து, கணீரென்று வாசித்து முடித்தார். புதுசு புதுசு என்று பயமுறுத்தினார்களே, காதுக்குப் பழகின மாதிரியே இருக்கிறதே என்று மெக்கானிக்கே இறங்கி வந்தார். புதியது என்று சொல்லிவிட்டால் காதும் அப்படியே கேட்கும் போலிருக்கிறது. எட்டுக் கைகள் உயர்ந்தன. ஒன்பதாவது, டீச்சருடையது, பாதியில் நின்றது. வந்திருந்த இரண்டு மாதிரிப் பிரதிகளில் இன்னொன்று அவள் மடியில் இருந்தது. அண்ணன் வாசித்ததில் ஒரு வரிகூட அதில் இல்லை.

டீ வந்த நேரத்தில் அவரை ஜன்னலோரம் ஒதுக்கினாள்.

“அண்ணே, நீங்க வாசிச்சது பழசு.”

“கண்ணுக்கு எழுத்தே தெரியலம்மா. ரெண்டு வருஷமா மனப்பாடத்துலதான் வண்டி ஓடுது. சொன்னா வாசிக்கிற இடத்துலேர்ந்து இறக்கிருவாங்க.”

வாயை மூடிக்கொண்டால் டீச்சரின் கட்சி ஜெயித்த கட்சி. இருந்தும், வருகிற ஞாயிறு என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டாள். அண்ணன் டம்ளரை வைத்துவிட்டுப் போய் எல்லோரிடமும் சொன்னார்.

“அப்போ நான் எதுக்கு மாமா கை தூக்குனேன்?” என்றார் மெக்கானிக்.

சிரிப்பு அடங்கியதும் போதகர் ஓட்டை ரத்து செய்து, டீச்சரைப் புதியதிலிருந்து வாசிக்கச் சொன்னார். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் நிமிர்ந்தார்.

“இத்தனை வருஷமா வாசிச்சிருக்கேன். அந்த விதவையம்மா இவ்வளவு பிடிவாதக்காரின்னு இப்பத்தான் தெரியுது.”

ஓட்டுக்கு விட்டபோது முதலில் எழுந்த கை அவருடையது. அது அவர் இடத்தையே காலி செய்கிற கை என்று அறையில் எல்லோருக்கும் தெரியும்.  அடுத்து மெக்கானிக் தன் கையையும் தூக்கினார்.

“நாளைக்குக் காலையில வண்டி எடுத்துட்டு வர்றேன் மாமா, கண் ஆஸ்பத்திரிக்கு. விட்டா டீச்சர வாசிக்கச் சொல்லி இதையும் மனப்பாடம் பண்ணிருவீங்க.”

 அந்த மனப்பாட யோசனை அண்ணனுக்கு ஏற்கெனவே வந்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.